ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா? ஹெட்டைக் கழற்றுமுன் கணக்கைப் பாருங்கள்

டபள் கெப், பஜிரோ, பிராடோ போன்ற நான்கு சில்லு இயக்க டீசல் வாகனங்கள் எமது வியாபாரிகள் பலரிடம் உள்ளன. கொழும்பில் சாமான் ஏற்றி மலைநாட்டுக்கும் கிழக்குக்கும் கொண்டுபோக இவற்றை விட்டால் வேறு வசதி இல்லை என்பவர்கள் நம்மில் ஏராளம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை எங்கே போய் நின்றது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே இருபது, இருபத்தைந்து வருடப் பழைய எஞ்சின்களையும் நாம் பாதுகாத்து ஓட்ட வேண்டியவர்களாக இருக்கின்றோம்.

இந்த வாகனங்களில் பொதுவாகக் கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. "கீழே ஒரு சொட்டும் இல்லை. ஆனால் கிழமைக்கு ஒரு தடவை அரைப் போத்தல் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது" என்பார்கள். இதற்கு இரண்டு விதமான வைத்தியம் நடக்கிறது. ஒரு சாரார், ஊற்றிக்கொண்டே ஓட்டுவார்கள். மறு சாரார், கராஜில் சொன்ன உடனேயே ஹெட்டைக் கழற்றக் கொடுத்துவிடுவார்கள். இரண்டுமே நட்டம்தான். முன்னது எஞ்சினையே விழுங்கும். பின்னது தேவையில்லாத செலவாகப் போகலாம்.

எந்தக் கூலன்டும் காற்றில் மறைந்துபோவதில்லை. அது போன வழியில் ஓர் அடையாளத்தை விட்டுச் செல்லும். அந்த அடையாளத்தைச் செலவில்லாத பரிசோதனையில் தொடங்கி, செலவுள்ள பரிசோதனை வரை ஒழுங்காகத் தேடினால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். ஹெட்டைக் கழற்றுவது கடைசி வேலை.

முதலில் ஒரு கணக்குக் கொப்பி

எவ்வளவு குறைகிறது என்பதே பலருக்குச் சரியாகத் தெரியாது. சாரதி ஊற்றுவார், மகன் ஊற்றுவார், கராஜிலும் ஊற்றுவார்கள். கடையில் இப்படிக் கணக்கில்லாமல் பணம் போனால் விடுவோமா?

சமதரையில், இரவு முழுக்க நின்று ஆறிய வாகனத்தில், காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வாய் வரை நிரப்புங்கள். பிளாஸ்டிக் போத்தலில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையில் நிரப்பி, பக்கவாட்டில் ஒரு பேனைக் கோடு போடுங்கள். அதன் பிறகு தினமும் காலையில் மட்டும் பாருங்கள். திகதி, ஓடிய கிலோமீற்றர், ஊற்றிய அளவு, ஏற்றம் ஏறியதா, பாரம் இருந்ததா என்பதை எழுதுங்கள். ஊற்றுவதை அளவுக் கோப்பையால் ஊற்றுங்கள். ஒருவர் மட்டுமே ஊற்ற வேண்டும்.

உதாரணமாக, 400 கிலோமீற்றருக்கு 200 மில்லிலீற்றர் என்றால் நூறு கிலோமீற்றருக்கு 50 மில்லிலீற்றர். அடுத்த கிழமை இது 80 ஆனால் ஒழுக்கு பெருகுகிறது என்று அர்த்தம். நின்ற நாட்களிலும் குறைந்தால் வெளி ஒழுக்கைச் சந்தேகிக்கலாம். ஏற்றம் ஏறிய நாட்களில் மட்டும் குறைந்தால் மூடியையும் ஹெட் கெஸ்கட்டையும் சந்தேகிக்க வேண்டும். அண்மையில் கூலன்ட் மாற்றியிருந்தால், உள்ளே அடைபட்ட காற்று வெளியேறும் வரை முதல் சில நாட்கள் சற்றுக் குறையும். அது ஒழுக்கல்ல.

ஓர் எச்சரிக்கை. சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே வேண்டாம். உள்ளே இருப்பது நூறு பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் அமுக்கத்தில் நிற்கும் நீர். திறந்த கணமே கொதித்து முகத்தில் பாயும்.

மூடியும் போத்தலும்

மிகவும் மலிவான பாகம் மூடி. அதனால்தான் அதை யாரும் கவனிப்பதில்லை. ஜப்பான் வாகன மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருக்கும். அந்த அளவு அமுக்கத்தை உள்ளே பிடித்து வைப்பதே அதன் வேலை. அந்த அமுக்கத்தில் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ 120 பாகைக்கு உயர்கிறது. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். நுவரெலியா உயரத்தில் அமுக்கமில்லாத தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். கடுகண்ணாவ ஏற்றத்தில் பாரத்துடன் மெதுவாக ஏறும்போது கூலன்ட் போத்தலுக்குத் தள்ளப்பட்டு, நிரம்பி, வெளியே ஆவியாகப் போகும். கீழே சொட்டு இருக்காது.

மூடியில் இன்னொரு சிறிய வால்வும் உண்டு. எஞ்சின் ஆறும்போது போத்தலிலிருந்து கூலன்டைத் திரும்ப உறிஞ்ச விடுவது அதுதான். அது இறுகிவிட்டாலோ, போத்தலுக்குப் போகும் சிறிய ரப்பர் குழாய் வெடித்திருந்தாலோ கூலன்ட் திரும்பி வராது. போத்தல் நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். ஆகவே போத்தலை மட்டும் பார்த்து "நிறைய இருக்கிறது" என்று திருப்திப்பட வேண்டாம். ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டியிருந்தால் இந்த வால்வில்தான் பிழை.

மூடியில் சந்தேகம் இருந்தால், அதே இலக்கமுள்ள நல்ல மூடியொன்றைப் போட்டு ஒரு கிழமை கணக்கைப் பாருங்கள். பஞ்சிகாவத்தையில் கிடைக்காத மூடி இல்லை. கூடிய இலக்கம் நல்லது என்று 0.9 இருந்த இடத்தில் 1.1 போடாதீர்கள். பழைய ரேடியேட்டரும் ஹோஸும் அதைத் தாங்காது.

சொட்டாத ஒழுக்கு

சிறிய ஒழுக்கு சூடான எஞ்சின் மேல் பட்டவுடன் காய்ந்துவிடும். நிலத்தில் சொட்டைத் தேடுவதில் பயனில்லை. காய்ந்த கறையைத்தான் தேட வேண்டும். கூலன்டின் நிறத்துக்கேற்ப பச்சை, இளஞ்சிவப்பு அல்லது வெள்ளைப் பொருக்காக அது படிந்திருக்கும். ஒரு டோர்ச், ஒரு சிறிய கண்ணாடி, பழைய துணி போதும். பார்க்க வேண்டிய இடங்கள் இவை:

1. ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியப் பகுதியும் சேரும் விளிம்பு.

2. எல்லா ஹோஸ்களின் கிளிப் அடி. சில கிளிப்கள் சூட்டில் இறுகி, குளிரில் தளரும். இரவில் மட்டும் ஒழுகும் ஒழுக்கு இப்படிப்பட்டது. அதிகாலையில் எஞ்சினை இயக்குமுன் பாருங்கள்.

3. வோட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளை. பம்பின் உள் சீல் தேய்ந்தால் அது வழியாகக் கசியும்படியே அந்தத் துளை வைக்கப்பட்டிருக்கிறது. அதை அடைப்பவர்களும் இருக்கிறார்கள். அடைத்தால் தண்ணீர் பெயாரிங்குக்குள் போகும்.

4. டர்போவுக்கும் ஒயில் கூலருக்கும் போகும் சிறு குழாய்கள்.

5. எஞ்சின் புளொக்கின் பக்கத்திலும் பின்புறத்திலும் அடிக்கப்பட்டிருக்கும் வட்டத் தகட்டு அடைப்பான்கள். ஸ்டார்ட்டர் மோட்டருக்குப் பின்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. வெறும் தண்ணீரில் ஓடிய எஞ்சின்களில் இவை உள்ளிருந்து துருப்பிடித்து ஊசித்துளை விடும்.

6. பின் ஹீட்டர். ஜப்பானில் பாவித்து வந்த பஜிரோ போன்ற வாகனங்கள் பலவற்றில் பின் ஆசனத்துக்கும் ஹீட்டர் உண்டு. அதற்கான இரும்புக் குழாய்கள் வாகனத்தின் அடியால் பின்னால் போகின்றன. குளிர்காலத்தில் அங்கே வீதிகளில் உப்பு இடுவதால் இந்தக் குழாய்கள் அரித்துப்போயிருக்கும். நாம் அந்த ஹீட்டரைப் போடுவதே இல்லை. ஆனால் கூலன்ட் அதற்குள் போகலாம், ஓடும்போது வீதியிலேயே சிந்திவிடும்.

மாவனல்லைப் பக்கம் ஹாட்வெயார் வியாபாரம் செய்யும் எனது நண்பர் ஒருவருக்கு நடந்தது இதுதான். அவரது பஜிரோவில் கிழமைக்கு அரை லீற்றர் குறைந்தது. "நாநா, வெளியில ஒழுக்கு ஒண்டும் இல்ல. அப்ப ஹெட்தான்" என்று கராஜில் சொன்னார்கள். ஹெட்டைக் கழற்றி, புதிய கெஸ்கட் போட்டு, வாகனம் இரண்டு கிழமை நின்றது. எடுத்து ஓட்டியபோது மறுபடியும் அதே அரை லீற்றர் குறைந்தது. வேறொரு மெக்கானிக் வாகனத்தை ஜெக்கில் உயர்த்திப் பார்த்தார். பின் சில்லுக்கு அருகே ஹீட்டர் குழாயில் ஊசி முனையளவு துளை. முன்னால் இரண்டு குழாய்களையும் ஒரு துண்டு ஹோஸால் இணைத்து, பின் ஹீட்டரை விலக்கிவிட்டார். அரை மணித்தியால வேலை.

"வெளியில் தெரியவில்லை, ஆகவே உள்ளேதான்" என்ற அந்த முடிவில்தான் பிழை. வெளியில் முழுமையாகப் பார்க்கவில்லை என்பதே உண்மை.

கீழே தெளிந்த தண்ணீர் சொட்டுவதைக் கண்டும் பயப்பட வேண்டாம். ஏசியிலிருந்து வரும் தண்ணீருக்கு நிறமும் இல்லை, வழுவழுப்பும் இல்லை, காய்ந்தால் கறையும் இருக்காது. ஆனால் காருக்குள் இனிப்பு வாடை வந்து, முன் கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் படலம்போல மங்கினால் உள்ளே இருக்கும் ஹீட்டர் ஒழுகுகிறது. கால்விரிப்பின் அடியைத் தொட்டுப் பாருங்கள்.

அமுக்கப் பம்ப் என்ன சொல்கிறது

கண்ணுக்குப் படாவிட்டால் அடுத்தது அமுக்கப் பரிசோதனை. ரேடியேட்டர் மூடிக்குப் பதிலாக ஒரு கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் எழுதியுள்ள அளவுக்கு மட்டும் காற்று அடித்து, முள்ளைக் கவனிப்பார்கள். ஆறிய எஞ்சினில் செய்வதால் ஒழுகும் நீர் காயாமல் கண்ணுக்குத் தெரியும். ஐந்து நிமிடம் போதாது. சிறிய ஒழுக்கென்றால் பல மணித்தியாலம் அப்படியே விட்டுப் பார்க்க வேண்டும்.

முள் இறங்கி, வெளியே எங்கும் ஈரமில்லை என்றால் கூலன்ட் உள்ளே போகிறது என்று கொள்ளலாம். முள் இறங்காவிட்டாலும் எஞ்சின் குற்றமற்றது என்று முடிவெடுக்க முடியாது. சில வெடிப்புகள் சூட்டில் மட்டுமே திறக்கும்.

உள்ளே போகும் வழிகள்

ஒயிலுக்குள்: ஒயில் பார்க்கும் கம்பியில் பால் தேநீர் நிறம் தெரிந்தாலோ, ஒயில் மட்டம் கூடினாலோ உடனே நிறுத்துங்கள். கூலன்ட் கலந்த ஒயில் பெயாரிங்குகளை அழித்துவிடும். ஒயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் சிறிது வெண்ணுரை இருப்பது வேறு. குறுந்தூரம் மட்டும் ஓடும் வாகனங்களில் காற்றின் ஈரத்தாலும் அது வரும்.

கியர்பெட்டிக்குள்: ஓட்டோ கியர் வாகனங்களில் கியர் ஒயிலைக் குளிரவைக்கும் குழாய் பெரும்பாலும் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. அது வெடித்தால் சிவப்பு ஒயில் பலூடா போல இளஞ்சிவப்பாகிவிடும். அந்த நிலையில் ஓட்டினால் கியர்பெட்டி போய்விடும்.

சிலிண்டருக்குள்: ஹெட் கெஸ்கட் எரிந்தாலோ ஹெட் வெடித்தாலோ நடப்பது இது. டொயோட்டாவின் 1கேஇஸட், மிட்சுபிஷியின் 4டி56 போன்ற எஞ்சின்களில் புளொக் இரும்பு, ஹெட் அலுமினியம். அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். அதனால் ஒரு தடவை நன்றாகச் சூடேறிய ஹெட் வளையவோ வெடிக்கவோ கூடும். அடையாளங்கள்: காலையில் முதல் சில விநாடிகள் எஞ்சின் ஒரு சிலிண்டர் அடிக்காததுபோல உதறுதல், இனிப்பு வாடையுள்ள வெண்புகை, போத்தலில் மட்டம் கூடிக்கொண்டே போதல்.

இதற்குக் கையால் செய்யும் பரிசோதனை ஒன்று உண்டு. இரவு நின்று முழுதாக ஆறிய எஞ்சினில் மூடியை ஒரு தடவை திறந்து மூடுங்கள். எஞ்சினை இயக்கி ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். தண்ணீர் இன்னும் சூடாகவில்லை, ஆகவே அமுக்கம் இருக்கக்கூடாது. ஹோஸ் கல் போல இறுகியிருந்தால் சிலிண்டர் காற்று கூலன்டுக்குள் வருகிறது.

உறுதிப்படுத்த, நிறம் மாறும் திரவத்தால் செய்யும் காற்றுப் பரிசோதனை இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் வரும் காற்றை அந்த நீலத் திரவத்தினூடாக இழுப்பார்கள். எரிந்த காற்றிலுள்ள காபனீரொட்சைட் பட்டால் அது பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். டீசல் விடயத்தில் ஒன்றை ஞாபகம் வையுங்கள். சும்மா நின்று ஓடும் டீசல் எஞ்சினில் காபனீரொட்சைட் மிகக் குறைவு. பெற்றோல் காருக்குச் செய்வதுபோல நிறுத்தி வைத்துச் செய்தால் பிழை இருந்தும் நிறம் மாறாது. எஞ்சினை நன்கு சூடாக்கி, ஏற்றத்தில் பாரத்துடன் ஓட்டி வந்த பிறகே செய்யும்படி கேளுங்கள்.

இஜிஆர் கூலருக்குள்: கடந்த இருபது வருடங்களில் வந்த டீசல் எஞ்சின்கள் பலவற்றில் இது இருக்கிறது. புகையின் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்புமுன் கூலன்டால் குளிரவைக்கும் பெட்டி இது. உள்ளே வெடித்தால் கூலன்ட் புகையோடு எரிந்துபோகும். வெண்புகை வரும், கூலன்ட் குறையும், கீழே சொட்டு இருக்காது. ஹெட் கெஸ்கட்டின் அதே அடையாளங்கள்! ஆனால் காலையில் ஹோஸ் இறுகாது, காற்றுப் பரிசோதனையிலும் பெரும்பாலும் நிறம் மாறாது. இப்படியென்றால் ஹெட்டில் கை வைக்குமுன் இஜிஆர் கூலரைத் தனியாகக் கழற்றி, தண்ணீரில் அமிழ்த்திக் காற்றடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஊற்றி ஊற்றி ஓட்டினால் என்ன?

பலர் கேட்கும் கேள்வி இது. மூன்று ஆபத்துகள் உண்டு.

முதலாவது, மீற்றர் முள்ளை நம்ப முடியாது. சூட்டை அளக்கும் சென்சர் கூலன்டில் அமிழ்ந்திருந்தால்தான் சரியாகக் காட்டும். மட்டம் அதற்குக் கீழே போய்விட்டால் எஞ்சின் வேகும்போதும் முள் நடுவில் நிற்கலாம்.

இரண்டாவது, ஒவ்வொரு தடவையும் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் கூலன்டிலுள்ள துருத்தடுப்பு மருந்து ஐதாகிப் போகும். எமது நாட்டில் உறைபனி இல்லை, ஆகவே கூலன்ட் தேவையில்லை என்பது தவறான எண்ணம். துருவைத் தடுக்கவும் கொதிநிலையை உயர்த்தவும் அது வேண்டும். புத்தளம் முதல் யாழ்ப்பாணம் வரையிலான சுண்ணாம்புக்கல் பிரதேசங்களின் கிணற்று நீரைத் தொடர்ந்து ஊற்றினால் கேத்தலில் படிவதுபோல உள்ளே சுண்ணாம்பு படியும். அவசரத்துக்கு ஊற்றலாம், பிறகு சரியான கலவையை மாற்றுங்கள்.

மூன்றாவதுதான் பெரியது. இரவில் சிலிண்டருக்குள் கூலன்ட் தேங்கினால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது பிஸ்டன் அதை அமுக்க முடியாது. டீசல் எஞ்சினில் பிஸ்டனுக்கு மேலே மிஞ்சும் இடம் மிகச் சிறியது. கொனெக்டிங் ரொட் வளைந்துவிடும். கெஸ்கட் செலவு அன்றைக்கு எஞ்சின் செலவாகிவிடும். ஸ்டார்ட்டர் ஒரு சுற்றுடன் டக்கென்று நின்றால் மீண்டும் மீண்டும் சாவியைத் திருப்ப வேண்டாம். ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒழுக்கை அடைக்கும் மருந்துகள், மஞ்சள் தூள் போன்ற வைத்தியங்களும் உண்டு. நடுவழியில் வீடு வந்து சேர உதவலாம். ஆனால் துளையை மட்டும் தேடி அடைக்கும் அறிவு அவற்றுக்கு இல்லை. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்தே அடைக்கும்.

கராஜில் கேட்க வேண்டியவை

"ஹெட்தான்" என்று சொன்னால் கோபப்படாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்தப் பரிசோதனையில் தெரிந்தது?" அமுக்கப் பரிசோதனையா, காற்றுப் பரிசோதனையா, ஹோஸ் இறுகியதா? பதில் இல்லாவிட்டால் வாகனத்தைத் திருப்பி எடுங்கள். உங்கள் கணக்குக் கொப்பியையும் காட்டுங்கள். நல்ல மெக்கானிக்குக்கு அது பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

உண்மையிலேயே ஹெட் கழற்ற வேண்டி வந்தால், கெஸ்கட்டை மட்டும் மாற்றிப் பூட்ட விடாதீர்கள். ஹெட்டை லேத்துக்கு அனுப்பி, வெடிப்புக்கு அமுக்கப் பரிசோதனையும், வளைவுக்கு மட்டப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். பழைய கெஸ்கட்டை வாங்கிப் பாருங்கள், எரிந்த இடம் கண்ணுக்குத் தெரியும். எதனால் சூடேறியது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும். அடைபட்ட ரேடியேட்டரையும் பழுதான தெர்மோஸ்டட்டையும் வைத்துக்கொண்டு புதிய கெஸ்கட் போட்டால் அதே செலவு மறுபடியும் வரும்.

பழைய வாகனம் வாங்குபவர்களுக்கும் இது பொருந்தும். பார்க்கப் போகுமுன் எஞ்சினை இயக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து, ஹோஸைத் தொட்டு, முதல் புகையைப் பார்த்த பிறகே விலை பேசுங்கள். ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.

கடைசியாக ஒரு விடயம். கூலன்டில் உள்ள கிளைக்கோல் இனிப்பானது, ஆனால் விஷம். மீதியைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றிக் கடையிலோ வீட்டிலோ வைக்காதீர்கள். பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடலாம். அதன் சொந்தக் கொள்கலனில் மூடி, பூட்டி வையுங்கள்.